இலவச சைக்கிள் தரிப்பிடமும் என் சத்தியக் கடதாசியும்

1

போன கிழமை என் சைக்கிளைத் தொலைத்துவிட்டேன். களவு போகவில்லை, விட்ட இடத்தை நான்தான் மறந்துவிட்டேன். எங்கள் நகரத்து ரயில் நிலையத்துக்குக் கீழே, நிலத்துக்கு அடியில், மூன்று தட்டுகளில் ஒரு சைக்கிள் தரிப்பிடம் இருக்கிறது. வெளிநாடுகளில் இருந்து நகர வடிவமைப்பாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிறம், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று காட்ட ஒரு விளக்கு. எல்லாம் இருக்கிறது. என் சைக்கிள் எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு மணி நேரம் தேடினேன். சீருடை அணிந்த ஒரு பெண் வந்து, "உங்கள் வரிசை எண் என்ன?" என்று கேட்டார். "அது தெரிஞ்சா நான் ஏன் அம்மா உம்மட்டை வந்து நிக்கிறன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, டச்சு மொழியில் நன்றி சொன்னேன். இருபத்தேழு வருடங்களாக இந்த நாட்டில் நான் சமாளிக்கும் முறை இதுதான். மனதில் பட்டது தமிழில், மரியாதை டச்சில்.

ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்லும் இந்தப் பழக்கம் போன வருடம் ஊரில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதிவிட வேண்டும் என்று அங்கே நின்றபோது தோன்றியது. சாவகச்சேரியில் பலருக்கு இந்தக் கதை தெரியும். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட, நானே சொல்லிவிடுவது எனக்குப் பாதுகாப்பு.

2

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரன், ஊர் சாவகச்சேரி. படித்தது தெல்லிப்பழையில், அமெரிக்க மிஷன்காரர் தொடங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில், விடுதியில் தங்கி. ஹொலண்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு டச்சு ஒரு சொல்லும் தெரியாது என்றுதான் நினைத்தேன். மொழி வகுப்பின் முதல் நாள் ஆசிரியை ஓர் அலுவலகத்தின் படத்தைக் காட்டி "கன்டோர்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கந்தோர். பிறகு மேசை இழுப்பறைக்கு லாச்சி வந்தது, அதற்குப் பிறகு பத்திரம் எழுதுகிறவருக்கு நொத்தாரிசு. உங்கள் ஆட்கள் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் விட்டுவிட்டுப் போன மூன்று சொற்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று ஆசிரியைக்குச் சொல்ல விரும்பினேன். சொல்வதற்கு நாலாவது சொல் தெரியவில்லை.

சில வருடங்கள் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. பிறகு நகரப் பேருந்து ஓட்டுநர். இன்றுவரை அதுதான். எங்களுக்கு ஒரே மகள், ரூத். இங்கே பிறந்தவள், இங்கே படித்தவள், தொழில் நகர வடிவமைப்பு. வீதிகளை ஒடுக்குவது, நடுவில் மரம் வைப்பது, ஓட்டுநர்களுக்குப் பயம் உண்டாக்குவது என்று அந்தத் தொழிலை நான் என் நண்பர்களுக்கு விளக்குவேன். அவள் வரையும் படங்களில் பேருந்து ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருப்பவன் நான். அவளுடைய அலுவலகம் வடிவமைத்த ஒரு வளைவில்தான் என் பேருந்தின் பக்கக் கண்ணாடி உடைந்தது. உங்கள் வேகம் கூட என்றாள். உன்ரை றோட்டு ஒடுக்கம் என்றேன். விசாரணைப் படிவத்தில் இரண்டையும் எழுத இடம் இருந்தது.

அவளுக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். மெதுவாகக் கதைத்தால் நன்றாக விளங்கும். ஆனால் அவள் கதைக்கும்போது சொற்கள் முன்பின்னாக வரும். பிழை எங்களுடையதுதான். இரண்டு பேரும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த தமிழ் "சாப்பிடு, படு, ஜெபம் பண்ணு" என்பவைதான். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தை வடிவமைக்க முடியாது.

3

இங்குள்ள ஒரு நிதியம் சிறிய நகரங்களில் சூழலைக் கெடுக்காத வாழ்க்கைக்கு உதவி கொடுக்கிறது. ஏதாவது ஒரு நகரத்தில் ஒரு வீதித் துண்டை எடுத்து, அங்குள்ள மக்களோடு சேர்ந்து, நடக்கிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் ஏற்றதாக மாற்ற வேண்டும். ரூத் விண்ணப்பித்தாள். இடம் சாவகச்சேரி, சந்தை முடக்கில் இருந்து பஸ் தரிப்பிடம் வரை.

"உங்கடை ஊர்" என்றாள் என்னிடம்.

"எங்கடை ஊர்" என்று திருத்தினேன்.

"சரி, உங்கடை எங்கடை ஊர்."

விண்ணப்பத்தில் 'உள்ளூர் மொழி நிபுணர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரை எழுதிவிட்டாள். இப்படித்தான் ஒரு பேருந்து ஓட்டுநர் ஒரு மாத விடுமுறையில் நிபுணர் ஆனார்.

போவதற்கு முன் தன் படங்களை எனக்குப் போட்டுக் காட்டினாள். மோட்டார் வாகனம் குறைய, சைக்கிள் கூட. மின்சாரம் குறைய. பொலித்தீன் இல்லை. மரக்கறி பக்கத்து ஊரில் இருந்து வர வேண்டும்.

"பிள்ளை, சண்டை நேரம், பொருளாதாரத் தடை காலத்திலை நாங்கள் உதெல்லாம் செய்தனாங்கள்" என்றேன். "பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. குடாநாடு முழுக்கச் சைக்கிள்தான். பொம்பிளை மாப்பிளையும் சைக்கிளிலைதான் போச்சினம். ஒருத்தரும் வந்து எங்களைப் படம் எடுக்கேல்லை."

அவள் சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். 'மக்களிடம் முன் அனுபவம் உண்டு' என்று எழுதியிருந்தாள்.

சாவகச்சேரியில் என் தங்கை வீட்டில் தங்கினோம். ரூத் வேலை செய்ய ஓர் இடம் பிடித்தாள். ஒரு இரும்புக் கடையின் மேல்மாடி; கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, நீளமான மேசைகள். கோவேர்க்கிங் என்று பெயர். ஆளுக்கொரு கதிரையை நாள் கணக்கில் வாடகைக்கு எடுத்து, அவரவர் வேலையை அவரவர் செய்வது. "கந்தோர் மாதிரி, ஆனா அதிகாரி இல்லை" என்று தங்கைக்கு விளக்கினேன். "அப்ப ஆர் வேலை செய்வினம்?" என்று தங்கை கேட்டாள்.

செய்தார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இளம் ஆட்கள் மெல்போர்னுக்கும் லண்டனுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 'தயவுசெய்து சத்தமிட்டுக் கதைக்க வேண்டாம்' என்று சுவரில் எழுதியிருந்தது. கூடியிருந்து வேலை செய்வதற்கென்றே ஓர் இடம் கட்டி, அங்கே கதைக்கக்கூடாது என்று சட்டமும் போட்டிருப்பது எனக்குப் புதிது. என்னுடைய ஊகம், அவர்களுக்கும் அதில் ஏதோ குறை தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணி ஊற்றும் மூலையில் எப்போதும் நெரிசல். அந்த மூலையில்தான் ரூத் ஜனனியோடு பழகினாள். நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மகள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவதும், தமிழை ஆங்கிலத்தில் மாற்றுவதும் அவளுடைய தொழில். நாள்தோறும் பஸ்ஸில் வந்து போவாள்.

4

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளவு. படலையில் 'சைக்கிள் பாதுகாக்கும் இடம்' என்று தகரத்தில் எழுதித் தொங்கும். சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து காலையில் சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏறுவார்கள். மாலையில் வந்து எடுப்பார்கள். நடத்துகிறவர் சந்திராக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு.

முதல் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீர் அரியரட்ணம் எல்லே? போதகர் வீட்டுக்குப் பக்கத்திலை இருந்தனீர்." கதிரையை இழுத்துப் போட்டார். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அந்த வளவில் சுவர்தான் நின்றதாம். கணவர் திரும்பி வரவில்லை. அதை அவர் ஒரு வசனத்தில் சொன்னார், நானும் மேலே கேட்கவில்லை. கூரை போட வழியில்லாமல் இருந்தபோது ஒரு நாள் ஓர் ஆஸ்பத்திரித் தாதி வந்து, "அக்கா, பின்னேரம் வரும்வரைக்கும் சைக்கிளை இஞ்சை விடட்டோ?" என்று கேட்டாளாம். அங்கிருந்து தொடங்கியது. சைக்கிளுக்கு வாங்கும் அந்தச் சின்னக் காசில்தான் கூரை போட்டார், மகளைப் படிப்பித்தார், இப்போது மருந்து வாங்குகிறார்.

அந்த வளவில் சைக்கிள்கள் நிற்கும் ஒழுங்கை நான் பல காலைகள் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த வரிசையில் அவர் விடுவதில்லை. திரும்பி வரப்போகும் வரிசையில் விடுவார். மத்தியானம் திரும்பும் ரீச்சரின் சைக்கிள் படலைக்குப் பக்கத்தில். யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்கிறவருடையது பின் மதிலோடு, ஏனென்றால் அவர் கடைசி ஆள். ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியதில்லை. காற்றுப் போயிருந்தால் மாலைக்குள் ஒட்டுப் போட்டு நிற்கும். குடை, மருந்துப் பை, வீட்டுத் திறப்புக் கோர்வை எல்லாம் அவரிடம் கொடுத்து வைத்து, வேறு யாராவது வந்து வாங்கிப் போவார்கள். ரசீது கிடையாது.

ரூத்தும் அந்த வளவைப் பார்த்தாள், அளந்தாள், படம் எடுத்தாள். அவளுக்குப் பட்டது வேறு. சூழலுக்கு நல்லது செய்கிற மனிதர் அதற்காகக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பது அவளுக்கு அநியாயமாகத் தெரிந்தது. ஹொலண்டில் வளர்ந்தவளுக்குச் சைக்கிள் விடுவது தண்ணீர் குடிப்பது போன்ற உரிமை. ஆகவே பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, பூங்கொடி படரும் கூரையோடு, துருப்பிடிக்காத இரும்பு வளையங்களோடு, அழகான ஓர் இலவசத் தரிப்பிடம் வரைந்தாள். அவளுடைய படத்திலேயே அதுதான் எடுப்பான பகுதி. அனுப்பிய படத்தைப் பார்த்த நிதியத்துக்கும் அதுதான் மிகவும் பிடித்துக்கொண்டது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். இப்படியே கூட்டம் வரை எட்டு நாட்கள் விட்டேன்.

5

கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. வீதி அபிவிருத்திக் குழு என்று ஒன்றை இதற்காகவே அமைத்திருந்தார்கள். செயலாளர் தேவராசா, ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். மேடையில் ரூத்துக்குப் பக்கத்தில் எனக்கும் கதிரை. ஹொலண்டில் நான் ஓர் ஓட்டுநர். மக்கள் என் முதுகைத்தான் பார்ப்பார்கள். இங்கே நூற்றுக்கு மேல் ஆட்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

ரூத் டச்சில் கதைக்க, நான் தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆங்கிலம் என்றால் எனக்குத் தடக்கும். இதில் இருந்த ஆபத்து யாருக்கும் தோன்றவில்லை. அந்த மண்டபத்தில் டச்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவன் ஒரே ஆள்.

வடிகால், மரம், இருக்கை எல்லாம் நன்றாகப் போனது. இலவசத் தரிப்பிடத்தின் படம் வந்ததும் முன்வரிசை கைதட்டியது. அப்போது ரூத் ஒன்று சொன்னாள். டச்சில் அவள் சொன்னது இதுதான்: "இதனால் ஒருவருக்காவது நட்டம் வருமென்றால் தயவுசெய்து இப்போது சொல்லுங்கள். வரைந்ததை அழிப்பது சுலபம். கட்டியதை அழிக்க முடியாது."

நான் தமிழில் சொன்னது: "உங்கள் எல்லாற்றை ஆதரவும் வேணும் எண்டு கேக்கிறா."

அப்படியிருந்தும் சந்திராக்கா எழும்பினார். "தம்பி, பிள்ளையிட்டை ஒண்டு கேளும். றோட்டிலை சும்மா விட இடம் குடுத்தா என்ரை படலைக்குள்ளை ஆர் வருவினம்? இருவது வருசமா நான் இதிலைதான் சீவிக்கிறன். என்னை என்ன செய்யச் சொல்லுறா எண்டு கேளும்."

குரல் உயரவில்லை. ரூத் என்னைப் பார்த்தாள். வேகமான தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை. 'பிள்ளை', 'இருவது வருசம்' என்ற இரண்டும்தான் விழுந்திருக்கும். அந்த இரண்டும் என் டச்சிலும் வர வேண்டும் என்று யோசிக்கும் அளவுக்கு என் மூளை அந்த நேரத்தில் தெளிவாக வேலை செய்தது. அதை நினைக்கத்தான் இப்போது வெட்கம்.

"பிள்ளைக்கு நன்றி என்கிறார்" என்றேன் டச்சில். "இருபது வருடங்களாக இப்படி ஒன்று வராதா என்று காத்திருந்தாராம்."

ரூத் எழுந்து நெஞ்சில் கையை வைத்து, சந்திராக்காவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றார் சந்திராக்கா.

"யோசிச்சு ஒரு வழி செய்வாவாம்" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தேவராசா கூட்டக் கொப்பியில் அழகான கையெழுத்தில் எழுதினான்: 'ஓர் ஆட்சேபம் எழுந்தது. வடிவமைப்பாளர் மாற்றுவழி செய்வதாக ஏற்றுக்கொண்டார். திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.' அதே நாள் மாலை ரூத் நிதியத்துக்கு எழுதினாள்: 'ஆட்சேபம் எதுவும் இல்லை. ஒரு மூதாட்டி கண்கலங்க நன்றி சொன்னார்.' கண்கலங்க என்பதை நான் சொல்லவில்லை. அது அவளே சேர்த்தது. அதற்கும் காரணம் நான்தான்.

6

ரூத் கூட்டத்தைத் தன் போனில் வீடியோவாகப் பதிவு செய்திருந்தாள். அறிக்கையோடு இணைக்க மக்கள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி ஜனனியிடம் கொடுத்தாள். ஜனனி தன் தொழிலைச் சரியாகச் செய்கிறவள். தமிழில் யார் எதைச் சொன்னார்களோ அதை வரிவரியாக எழுதினாள், நான் தமிழில் சொன்னவற்றையும் சேர்த்து. எழுதி முடித்துவிட்டு, ஏதோ தான்தான் பிழை விட்டதாக நினைத்து, "அக்கா, இந்த இடத்திலை அந்த அம்மா கோவமாத்தான் கேக்கிறா. நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?" என்று ரூத்தைக் கேட்டிருக்கிறாள்.

நான் மேல்மாடிக்குப் போனபோது ரூத் அந்தத் தாள்களைத் தன் முன் அடுக்கி வைத்திருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். டச்சில் சொன்னாள். டச்சில் நெருங்கியவர்களுக்கு ஒரு 'நீ' உண்டு. வங்கிக்காரரும் பொலிஸ்காரரும் பாவிக்கும் 'நீங்கள்' என்று ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் அவள் அப்பாவை அழைத்தது எப்போதும் முதலாவதால்தான். அன்றைக்கு இரண்டாவதால் அழைத்தாள்.

"நீங்கள் இதை வாசித்துவிட்டு, இதில் எது பிழை என்று எனக்குச் சொல்ல வேண்டும்."

வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் கோபப்பட்டால் நானும் கோபப்படலாம் என்று இருந்தேன். ஆனால் அது சத்தம் போடக்கூடாத இடம். எங்கள் சண்டை முழுவதும் குசுகுசுப்பிலேயே நடந்தது. பக்கத்து மேசையில் ஒரு பையன் மெல்போர்னோடு வேலை செய்துகொண்டிருந்தான்.

"எனக்கு ஒன்பது வயது" என்றாள். "வீட்டு வாடகை அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள், மொழிபெயர்க்க. அங்கே இருந்தவர், 'உன் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் எதற்காகக் கையெழுத்து வைக்கிறார்' என்று கேட்டார். போவதற்கு முன் நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், அவர்கள் சொல்வதை அப்படியே சொல் என்று. நான் அப்படியே சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிறகு பள்ளிக்கூடத்தில் போய் அழுதேன்."

அந்த அலுவலகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீடு கிடைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவள் அழுதது எனக்குத் தெரியாது.

"நீ வெக்கப்படக்கூடாது எண்டுதான் மாத்திச் சொன்னனான்" என்றேன் தமிழில்.

"யார் வெட்கப்படக்கூடாது?" என்று டச்சில் கேட்டாள்.

நான் தாள்களை அடுக்கிக் கொடுத்தேன்.

7

திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். தேவராசாவிடம் போய், கொப்பியில் அந்த வரியை வெட்டிவிடு என்றேன்.

"நிறைவேறின அறிக்கையை வெட்ட ஏலாது" என்றான். "பிரதி எல்லா இடமும் போயிட்டுது. மொழிபெயர்ப்புப் பிழை எண்டா மொழிபெயர்த்தவர் சத்தியக் கடதாசி தரவேணும். அதைக் கூட்டத்திலை வாசிச்சுப் பதியவேணும்."

"ஆர் வாசிக்கிறது?"

"ஆர் பொய் சொன்னதோ அவர்தான்."

"டேய், நான் உன்னோடை ஒரே வாங்கிலை இருந்தவன்."

"அதாலைதான் நொத்தாரிசிட்டை அனுப்பாமல் சமாதான நீதவானிட்டை அனுப்பிறன். அவர் வீடு கிட்ட."

சமாதான நீதவான் தன் வீட்டு முன்னறையில் கணினிக்கு முன்னால் இருந்தார். 'கிறிஸ்தவராகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது' என்று தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த மொழியிலை பொய் சொன்னனீங்கள்?"

"இரண்டிலையும்."

"அப்ப இரண்டு பந்தி வேணும்" என்று சொல்லித் தொடர்ந்து தட்டினார். முடித்து முத்திரை குத்தும்போது, "ஹொலண்டிலை என்ன தொழில்?" என்று கேட்டார். பேருந்து ஓட்டுகிறேன் என்றேன். "அது நல்லது" என்றார்.

அன்று மாலை மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரூத் உங்களோடை கதைக்கிறாளோ?" என்று கேட்டாள். வங்கிக்காரரின் 'நீங்கள்' போட்டுக் கதைக்கிறாள் என்றேன். "அப்ப வாசியுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

8

திட்டம் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலவசத் தரிப்பிடம் படத்தில் இருந்து அழிக்கப்பட்டது. மரங்களும் வடிகாலும் வந்துவிட்டன. இருக்கைகள் வரும் என்கிறார்கள். நடைபாதைக் கூரையைச் சந்திராக்காவின் படலை வரை நீட்டினார்கள், மழையில் சைக்கிள் எடுக்கிறவர் நனையாமல் நிற்க. சைக்கிள் பகுதியை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று நிதியம் கேட்டது. 'அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது' என்று ரூத் எழுதினாள். ஏற்கெனவே இருப்பதைக் குறிக்கத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை என்று பதில் வந்தது. சைக்கிளைக் கண்காணிக்க ஒரு செயலி செய்து தரட்டுமா என்று மேல்மாடிப் பிள்ளைகள் சந்திராக்காவைக் கேட்டார்களாம். "அப்ப நான் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்று அவர் கேட்டாராம். ரூத் இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். பிள்ளை எங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்று நானும் மனைவியும் எத்தனையோ வருடம் பயந்தோம். போனது உண்மை. எங்கள் ஊருக்குப் போயிருக்கிறாள்.

இனி அந்த இரண்டாவது கூட்டம். ரூத் முதலில் எழும்பினாள், தமிழில். ஜனனியோடு இருந்து எழுதிப் பாடமாக்கியிருந்தாள். தொடக்கத்திலேயே தடக்கியது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சந்திராக்காவுக்கு மன்னிப்புக் குடுக்க வந்தனான்."

மண்டபம் சிரித்தது. "கேட்க" என்று நான் மெல்லத் திருத்தினேன். அவள் திரும்பவில்லை.

"குடு பிள்ளை, வாங்கிறன்" என்றார் சந்திராக்கா.

பிறகு என் முறை. இரண்டு பந்தியையும் வாசித்தேன். முதல் பந்தி தமிழில் சொன்ன பொய்யைப் பற்றியது. இரண்டாம் பந்தி டச்சில் சொன்ன பொய்யைப் பற்றியது, அதை எப்படியோ வாசித்து முடித்தேன். கடதாசியை மடித்துத் தேவராசாவிடம் கொடுத்தேன்.

சந்திராக்கா எழும்பினார். "தம்பி, நீர் மாத்திச் சொன்னது எனக்கு அண்டைக்கே தெரியும். நான் சொன்னதைக் கேட்டா ஒரு பிள்ளையும் அப்பிடிச் சிரிக்காது."

ரூத் என்னைப் பார்த்தாள். நான் ஒரு சொல்லும் விடாமல் டச்சில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சந்திராக்காவிடம் நேரே கேட்டாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"தெரிஞ்சா... ஏன் நீங்கள் கதைக்கேல்லை?"

"உன்ரை அப்பா இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து மேடையிலை இருக்கிறார்" என்றார் சந்திராக்கா, அவளுக்கு விளங்கும்படி மெதுவாக. "இறக்கிவிட மனம் வரேல்லை. ஆனா இன்னொரு மாசம் பாத்துட்டு வந்து கேட்டிருப்பன். என்ரை சீவியமெல்லே."

ரூத் மேடையை விட்டு இறங்கினாள். படச்சுருளை எடுத்துக்கொண்டு போய், சந்திராக்காவுக்குப் பக்கத்து வாங்கில் விரித்தாள். அங்கிருந்தே எல்லாரையும் பார்த்து, இந்த இடத்தில் என்ன வேண்டும், இது யாருக்குத் தடையாக இருக்கும் என்று கேட்கத் தொடங்கினாள். வினைச்சொல் முன்னால் வந்தது, 'நிழல்' என்பது 'நிளல்' ஆனது, ஆண்பால் பெண்பால் ஒன்றோடொன்று கலந்தது. ஆட்கள் எழும்பி வந்து படத்தைச் சுற்றி நின்றார்கள். ரீச்சர்மார் ஒரு பக்கம், ஓட்டோக்காரர் ஒரு பக்கம். யாருக்கும் விளங்காமல் போனதாகத் தெரியவில்லை. இரண்டு தரம் உதவி செய்ய வாய் திறந்தேன். இரண்டு தரமும் அவள் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினாள், வீதியில் வாகனத்தை மறிப்பது போல. மறித்தால் நிற்க வேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம்.

மேடையில் நான் மட்டும் இருந்தேன். கொப்பியை மூடிக்கொண்டு தேவராசா என் பக்கம் சாய்ந்தான்.

"அரியம், இனி உனக்கு இஞ்சை அலுவல் இல்லைப்போலை. பின்னாலை தேத்தண்ணி ஊத்தீனம். போய்க் குடி."

எழும்பிப் போனேன். பின்புறம் கொட்டிலில் நின்று குடித்துக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்குள் ரூத்தின் குரல் கேட்டது, ஏதோ ஒரு நீளமான வசனம். அதைத் தொடர்ந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்திராக்காவின் சிரிப்பும் அதற்குள் இருந்தது. என் மகள் அப்படி என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.